சேப்பாக்கத்தில் நவாபின் மாளிகை: புதுப்பிப்பும் வரலாறும்

சென்னையில் வாலாஜா சாலை கடற்கரைச் சாலையைச் சென்று சேருமிடத்தில், எழிலகம் என வழங்கும் அரசு அலுவலகங்களுக்குப் பின்புறமாக இரண்டு பழைய மாளிகைகள் இருக்கின்றன. ஒன்று கல்சா மஹால். மற்றது ஹுமாயூன் மஹால். இரண்டிற்கும் நடுவே உயர்ந்து நிற்கும் கோபுரம் அவற்றுக்கு ஏறத்தாழ நூறாண்டு பிற்பட்டது. கர்நாடக நவாபுகள் ஏறக்குறைய எண்பத்தேழு ஆண்டுகள் கொலுவிருந்த அதிகார மாளிகை இதுவே. சேப்பாக்கம் என்றதும் கிரிக்கெட் மைதானத்தை நினைக்கும் இன்றைய தலைமுறைக்கு, அம்மைதானமும் இம்மாளிகையின் வளாகத்திலிருந்து பிரிந்துபோன நிலமே என்பது வியப்பாக இருக்கலாம். 117 ஏக்கர் பரப்பில், மதில் சூழ, தோட்டங்களோடு இருந்த வளாகம் அது. இன்று மாளிகையைக் காண விரும்புவோர் கடற்கரையிலிருந்து நோக்கினால் எழிலகத்தின் சுவர்களைத்தான் காண்பர்.

2012 ஜனவரி 16ஆம் நாள், பொங்கல் விடுமுறையின்போது, கல்சா மஹால் தீக்கிரையாயிற்று. கூரைகள் சரிந்தன. தீயணைக்கச் சென்ற அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். எஞ்சிய சுவர்களை இடித்துத் தள்ளிவிடலாம் என்ற பேச்சும் அந்நாள்களில் எழுந்தது. அவ்வாறு நிகழவில்லை. சில ஆண்டுகளில் கல்சா மஹால் பழைய முறைப்படியே மீண்டும் எழுந்தது. அதன் பின்னர், அதைவிடவும் சீரழிந்து கிடந்த ஹுமாயூன் மஹாலும் புதுப்பிக்கப்பட்டது. இக்கட்டுரை அப்புதுப்பிப்பைப் பற்றியதே. எனினும், எதைப் புதுப்பித்தார்கள் என்பதை அறியாமல் எப்படிப் புதுப்பித்தார்கள் என்று பேசுவதில் பயனில்லை.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். செய்தித்தாள்களிலும் அரசுக் குறிப்புகளிலும் 'கலச மஹால்' என்றே பெரும்பாலும் எழுதப்படுகிறது. படிப்பவர், மாடத்தின் உச்சியில் ஏதோ ஒரு கலசம் இருந்ததால் வந்த பெயர் என்று எண்ணிக்கொள்ளக்கூடும். பழைய ஆங்கில வழக்கில் 'கல்சா' என்றும் இப்பெயர் காணப்படுகிறது. அது 'காலிஸா' என்னும் அறபுச் சொல்லின் திரிபு. கலப்பற்றது, தனக்கே உரியது என்பது அதன் பொருள். முகலாயர் ஆட்சி வழக்கில், ஜாகீராக எவருக்கும் கொடுக்கப்படாமல் வருவாய் நேரே அரசுக் கருவூலத்தைச் சேரும் நிலத்திற்குக் காலிஸா என்று பெயர். அரசருக்கே உரிய மாளிகை என்ற கருத்தில் இப்பெயர் அமைந்திருக்கலாம். சேப்பாக்கம் என்ற ஊர்ப்பெயருக்கும் 'ஆறு தோட்டம்' எனப் பொருள்படும் பார்சி மூலத்தைச் சிலர் கற்பிப்பதுண்டு. நுங்கம்பாக்கமும் வில்லிவாக்கமும் கோடம்பாக்கமும் சூழ்ந்திருக்கும் ஊரில் 'பாக்கம்' என்ற தமிழ் ஈற்றுக்குப் பார்சியில் மூலம் தேடுவது வீண் வேலையென்றே தோன்றுகிறது.

மாளிகையைக் கட்டியவர் நவாபு முகம்மது அலி வாலாஜா. அவருடைய தந்தை அன்வருத்தீன் கான் 1749ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் ஆம்பூர்ப் போரில் மாண்டார். சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் ஒருபுறம், முகம்மது அலியும் ஆங்கிலேயரும் மறுபுறம் என்று நிகழ்ந்த கர்நாடகப் போர்களும், திருச்சிராப்பள்ளி முற்றுகையும், 1751இல் கிளைவ் ஆற்காட்டைக் கைப்பற்றியதும் பள்ளிப் பாடநூல்களிலேயே உள்ளவை. 1763ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை முகம்மது அலியைக் கர்நாடகத்தின் முறையான நவாபாக ஏற்றது. ஐரோப்பாவில் அரசுகள் சில கையெழுத்திட்ட ஓலையில் நம் நாட்டு நவாபு ஒருவரின் பட்டம் உறுதிசெய்யப்பட்டது என்பதிலேயே பின்னால் வரப்போகும் நிகழ்ச்சிகளின் வித்து இருக்கிறது. 'வாலாஜா' என்ற பட்டம் தில்லிப் பாதுஷாவிடமிருந்து கிடைத்தது; ஆனால் அப்பட்டத்தைக் காப்பாற்றும் வலிமை தில்லியிடம் அப்போது இல்லை.

ஆற்காட்டை விட்டுச் சென்னையில் குடியிருக்க நவாபு விரும்பினார். கோட்டைக்குள்ளேயே அவருக்கு மாளிகை கட்டும் யோசனை முதலில் இருந்தது. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் அரண்மனைத் தெரு என்று ஒரு தெருவுக்குப் பெயர் வரக் காரணமும் அதுதான். அது கைகூடாமற்போகவே, கோட்டைக்குத் தெற்கே, கூவத்தைத் தாண்டி, கோட்டைப் பீரங்கிகளின் பாதுகாப்புக்கு உட்பட்ட தொலைவிலேயே சேப்பாக்கத்தில் இடம் தேர்ந்தார். 1768ஆம் ஆண்டளவில் மாளிகை எழுந்தது. மன்னர்கள் தம் கோட்டைக்குள் வணிகருக்கு இடமளித்தது பழைய முறை. வணிகரின் கோட்டை நிழலில் மன்னர் இடம் தேடியது புதிய முறை.

இம்மாளிகையை வடிவமைத்தவர் பால் பென்ஃபீல்டு என்னும் ஆங்கிலேயர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1764இல் கும்பினியின் பொறியாளராகச் சென்னைக்கு வந்தவர் அவர். கோட்டை மதில் வேலைகளை ஒப்பந்தத்தில் எடுத்தவர். பின்னர் வட்டிக்குக் கொடுப்பவராக மாறி, நவாபின் கடன்காரர்களிலேயே பெரியவராக வளர்ந்தார். நவாபு கும்பினியின் படைச்செலவுக்காகக் கடன் வாங்கினார். கும்பினி ஊழியர்களே தம் சொந்தப் பணத்தை அவருக்குக் கடனாகக் கொடுத்தனர். அக்கடனுக்கு ஈடாக மாவட்டங்களின் வரி வருவாய் எழுதிக் கொடுக்கப்பட்டது. 1773இல் நவாபு தஞ்சையைக் கைப்பற்றியபோது அதன் விளைச்சலின்மீதும் பென்ஃபீல்டுக்கு உரிமை பிறந்தது. தஞ்சையை மீண்டும் மராட்டிய மன்னரிடமே ஒப்படைக்க முயன்ற ஆளுநர் பிகட் பிரபு, 1776இல் தம் சொந்த ஆலோசனைச் சபையினராலேயே சிறைபிடிக்கப்பட்டு, 1777இல் காவலிலேயே இறந்தார். ஓர் ஆளுநரையே சிறையில் தள்ளும் அளவுக்கு வலிமை பெற்றிருந்தது 'ஆற்காட்டு நவாபின் கடன்'. 1785 பிப்ரவரி 28ஆம் நாள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் ஆற்றிய நெடிய உரை இக்கடனைப் பற்றியதே. அதில் அவர் கடுமையாகச் சாடியவர்களுள் முதன்மையானவர் பென்ஃபீல்டு. நவாபின் கடன்களை ஆராயப் பிற்காலத்தில் அமைந்த குழு, கொண்டுவரப்பட்ட கோரிக்கைகளில் பெரும்பகுதியைச் செல்லாதவை என்று தள்ளிவிட்டது. வழிவழிச் செய்தி உண்மையாயின், மாளிகையின் அடித்தளத்தைத் தோண்டியவரும் மாளிகைக்குரியவரின் அடித்தளத்தைத் தோண்டியவரும் ஒருவரே.

இக்கதையை நாம் மழுப்பாமல் சொல்ல வேண்டும். வாலாஜாவை நம்மவர் என்று பெருமை பேசுவோர் உண்டு. அவர் கும்பினியின் கைப்பாவை என்று ஒரே சொல்லில் ஒதுக்குவோரும் உண்டு. இராமநாதபுரம் சீமைக்காரரான யூசுப் கானை, 1764 அக்டோபர் 15ஆம் நாள் மதுரையில் தூக்கிலேற்றியவர் இந்த நவாபுதான். கும்பினிப் படையின் தலைவனாயிருந்து, பின் கும்பினியையும் நவாபையும் எதிர்த்து நின்ற அந்த வீரனை மருதநாயகம் என்று தென்பாண்டிநாடு இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. பாளையக்காரர்கள்மீது வரிக்காகப் படை சென்றதும் நவாபின் பேரால்தான். அதே நவாபுதான் இலக்னோவின் பிரங்கி மஹல் வழிவந்த பேரறிஞர் மௌலானா அப்துல் அலீ பஹ்ருல் உலூம் அவர்களைச் சென்னைக்கு வரவழைத்துப் போற்றியவர். அம்மேதை 1810இல் மறைந்து, திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசல் வளாகத்திலேயே அடங்கியிருக்கிறார். 1795இல் கட்டப்பட்ட அப்பள்ளிவாசலின் கல்வெட்டில், அது எழுந்த ஆண்டை எழுத்தெண்ணிக்கையில் பொதிந்து பார்சியில் செய்யுள் இயற்றியவர் நவாபின் செயலாளராயிருந்த ராஜா மக்கன் லால் என்னும் இந்துப் பெருமகனார். மயிலை கபாலீசுவரர் கோயிற் குளத்திற்கு நவாபு நிலம் அளித்த செய்தியையும் அவ்வூரார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். இவையெல்லாம் ஒரே மனிதரின் வாழ்க்கையில் அடங்கியவை.

மாளிகையின் அமைப்பைப் பற்றி: இந்திய, இஸ்லாமியக் கூறுகளை ஐரோப்பியக் கட்டடமுறையோடு இணைக்கும் 'இந்தோ-சாரசனிக்' பாணியின் முதற் கட்டடம் இதுவே என்று பலரும் எழுதுகின்றனர். அப்பெயரும் அக்கொள்கையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிறந்தவை. 1768இல் கட்டியவர்களுக்கு அப்படியொரு பாணியைத் தொடங்கி வைக்கும் எண்ணம் இருந்திருக்க முடியாது. நவாபுக்கு வேண்டியது தில்லி, ஆற்காட்டு மரபில் பல்மடல் வளைவுகளும் மாடங்களும் திவான்கானாவும் உள்ள அரசிருக்கை. கிடைத்த கைகள் சென்னையின் கொத்தர்களும் ஆங்கிலேயப் பொறியாளரும். செங்கல்லும் சுண்ணாம்பும் தேக்கும்தான் பொருள்கள். பின்னர் வந்த ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர்கள் இதனைக் கண்டு கற்றனர் என்பதே பொருத்தமான கூற்று.

முகம்மது அலி 1795 அக்டோபரில் இறந்தார். திருச்சிராப்பள்ளி நத்தர் வலி தர்காவில் அடக்கமானார். அவர் மகன் உம்தத்துல் உமராவின் கடைசி நாள்களில் மாளிகையில் நிகழ்ந்தது தனியே சொல்லத்தக்கது. 1799இல் சீரங்கப்பட்டினம் வீழ்ந்தபின், திப்பு சுல்தானுடன் நவாபுகள் மறைவாகக் கடிதத் தொடர்பு வைத்திருந்தனர் என்று கும்பினி குற்றஞ்சாட்டியது. 1801 ஜூலையில், உம்தத்துல் உமரா உள்ளே நோயுற்றுக் கிடக்கையில், ஒழுங்கைக் காப்பதாகக் கூறிக் கும்பினிப் படை சேப்பாக்கம் மாளிகையின் வாயில்களைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. ஜூலை 15ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. கர்நாடகத்தின் ஆட்சியைக் கும்பினிக்கு விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட மகன் அலீ ஹுசைன் மறுத்துவிட்டார். மறுக்காதவராக உறவினர் அஸீமுத் தௌலா கிடைத்தார். ஜூலை 31ஆம் நாள் உடன்படிக்கை முடிந்தது. வருவாயில் ஐந்திலொரு பங்கு நவாபுக்கு, நாடு கும்பினிக்கு. நெல்லூரிலிருந்து திருநெல்வேலி வரை பரந்த ஒரு நாடு கைமாறியது ஒரு வீட்டின் வாயிற்படியில்தான் என்று சொன்னால் மிகையாகாது.

அதன்பின் மாளிகை ஆட்சியற்ற அரசிருக்கையாயிற்று. ஆட்சி போனதால் அறிவும் போய்விடவில்லை. அஸீமுத் தௌலாவின் திவானாயிருந்த ஷரபுல் முல்க் முகம்மது கௌஸ் அவர்களும், அவர் மகனார் காஜி பத்ருத் தௌலா அவர்களும் மார்க்க நூல்கள் இயற்றிய பேரறிஞர்கள். கடைசி நவாபு குலாம் முகம்மது கௌஸ் கான், 'அஃஸம்' என்ற புனைபெயரில் கவிபாடியவர். கர்நாடகத்துப் பார்சிக் கவிஞர்களின் வரலாற்றை 'சுபுஹே வதன்', 'குல்ஸாரே அஃஸம்' என்னும் இரு தொகுப்புகளில் எழுதியவர். மதரஸயே அஃஸம் அவர் பெயரைத் தாங்கியது. 1850இல் திருவல்லிக்கேணியில் தொடங்கிய முஹம்மதியப் பொது நூலகமும் அவர் காலத்ததே. இவை பார்சியிலும் உருதுவிலும் நிகழ்ந்தவை என்பதால் தமிழ் முஸ்லிம்களாகிய நாம் இவற்றைச் சற்று அந்நியமாகவே பார்த்து வந்திருக்கிறோம். குணங்குடி மஸ்தான் சாகிபு வடசென்னையில் 1838இல் மறையும் வரை தமிழில் பாடிக்கொண்டிருந்தார். சேப்பாக்கத்தில் பார்சி முஷாயிராக்கள் நடந்தன. ஒரே ஊரில் இரண்டு உலகங்கள். அவ்விரண்டையும் அறிந்த டாக்டர் முகம்மது ஹுசைன் நயினார் அவர்கள், வாலாஜாவின் வரலாறான 'துஸக்கே வாலாஜாஹி' என்ற பார்சி நூலை 1930களில் ஆங்கிலத்தில் பெயர்த்துத் தந்திராவிட்டால், இம்மாளிகையைப் பற்றிக் கும்பினிக் கணக்கர்கள் எழுதி வைத்ததை மட்டுமே நாம் நம்பிக்கொண்டிருப்போம்.

கௌஸ் கான் 1855 அக்டோபர் 7ஆம் நாள் பிள்ளையின்றி இறந்தார். பட்டத்துக்குரியவராக அவருடைய சிறிய தந்தையார் அஸீம் ஜா முன்வந்தார். 1801 உடன்படிக்கை அஸீமுத் தௌலா ஒருவருக்கே உரியது, வழிவழி உரிமை தருவதன்று என்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு வாதிட, டல்ஹௌசி பிரபு ஒப்ப, பட்டம் ஒழிந்தது. காலஞ்சென்ற நவாபின் சொத்துகளையும் கடன்களையும் தீர்க்க 1858இல் ஒரு சட்டம் இயற்றினர். 1859இல் மாளிகை ஏலத்துக்கு வந்தது. ஏலத்தில் எடுத்தது சென்னை அரசே. விலை 5,89,000 ரூபாய். ஏலம் போட்டவரும் எடுத்தவரும் ஒரு தரப்பே. அஸீம் ஜாவுக்கு 1867இல் 'ஆற்காட்டு இளவரசர்' என்ற பட்டம் கிடைத்தது. அக்குடும்பம் 1876இல் இராயப்பேட்டையிலுள்ள அமீர் மஹாலுக்குக் குடியேறியது.

புதிய உடைமையாளர் மாளிகையை அலுவலகமாக்கினார். 1862இல் சர்வே பள்ளியாயிருந்து பின்னர் பொறியியல் கல்லூரியாக வளர்ந்த நிறுவனம் கல்சா மஹாலுக்கு வந்து, 1920இல் கிண்டிக்குப் போகும்வரை அங்கேயே இயங்கியது. இந்நாட்டின் முதற் பொறியாளர்கள் பலர் நவாபின் கூரையின் கீழ்க் கற்றவர்களே. ஹுமாயூன் மஹாலில் வருவாய் வாரியம் அமர்ந்தது. கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் இரு மாளிகைகளுக்கும் இடையே செங்கற் கோபுரத்தை எழுப்பினார். மாளிகையின் வளைவுகளையும் மாடங்களையும் பார்த்து, அவற்றோடு இசையும் வண்ணமே தம் கட்டடங்களைச் சேர்த்தார். 1874 முதல் 1879 வரை அவர் கட்டிய பல்கலைக்கழக செனட் மாளிகை நிற்பதும் நவாபின் பழைய நிலத்தில்தான். அமீர் மஹாலைக் குடும்பத்தாருக்கு ஏற்ற இல்லமாக மாற்றியமைத்தவரும் அவரே. பறித்த வீட்டுக்குக் கோபுரம் வைத்த கையும், கொடுத்த வீட்டைச் செப்பனிட்ட கையும் ஒன்று! எனினும், அக்காலத்து ஆங்கிலேயர்களுள் சேப்பாக்கம் மாளிகையின் அழகை மதித்தவர் அவர் என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

விடுதலைக்குப் பின்னரும் அலுவலகங்களே. உயர்ந்த கூடங்கள் தடுப்புப் பலகைகளால் அறைகளாயின. வளைவுகளின் கீழே கோப்பு அலமாரிகள் நின்றன. நூற்றாண்டுகள் முதிர்ந்த தேக்கு உத்திரங்களின் அருகே மின்கம்பிகள் ஓடின. தீ பற்றுவதற்கு வேண்டிய யாவும் அங்கே இருந்தன. இங்கே கூரையின் அமைப்பை விளக்க வேண்டும். சென்னைக் கொத்தர்கள் 'மெட்ராஸ் டெரஸ்' என்று அழைக்கும் கூரை அது. சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரம். அதன்மேல் நெருக்கமாகக் குறுக்குச் சட்டங்கள். சட்டங்களின்மேல் மெல்லிய செங்கற்களைப் படுக்க வைக்காமல் நிற்க வைத்து, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்தால் ஒட்டி அடுக்குவர். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பி, மரக்கட்டைகளால் நாட்கணக்கில் இடிப்பர். பெரும்பாலும் பெண்களே வரிசையாக அமர்ந்து இவ்வேலையைச் செய்வர். இறுதியில் தட்டோடு பதிப்பர். கோடைக்கு இதனினும் குளிர்ந்த கூரை வேறில்லை. ஆனால் அத்தனை கனமும் மரத்தின்மேல் நிற்கிறது. மரம் எரிந்தால் மேலேயுள்ள செங்கல்லும் சுண்ணாம்பும் ஒட்டுமொத்தமாகக் கீழே இறங்கும். 2012இல் நிகழ்ந்தது அதுவே. அரைக் கல் தொலைவில் அதே குடும்பத்தார் எழுப்பிய பெரிய பள்ளிவாசல் மரமோ இரும்போ இன்றிக் கருங்கல்லால் ஆனது. தொழுகைக்குரிய வீட்டை நிலைத்திருக்கவும், தாம் குடியிருக்கும் வீட்டை வசதிக்காகவும் கட்டிய அவர்கள், எது நீடிக்க வேண்டும் என்பதைத் தெரிந்தே கட்டினார்கள் போலும்.

தீக்குப் பின் நின்ற சுவர்களை என்ன செய்வது? எரிந்த கட்டடத்தைக் கான்கிரீட்டால் நிரப்புவதே எளிய வழி. அவ்வழியில் செல்லாமல், அதே பொருள்களால், அதே முறையில் மீட்பது என்று முடிவாயிற்று. பொதுப்பணித் துறையில் மரபுக் கட்டடங்களுக்கென்றே தனிப்பிரிவு ஒன்று இப்பணிகளைச் செய்தது. இதில் ஒரு பொருத்தம் உண்டு: கல்சா மஹாலில் கற்றுச் சென்ற பொறியாளர்களின் வழிவந்தவர்கள், தம் முன்னோர் மறந்துவிட்ட வித்தையை மீண்டும் கற்க அம்மாளிகைக்கே வரவேண்டியதாயிற்று.

சுண்ணாம்புதான் அந்த வித்தை. சிமென்டு வந்தபின் சுண்ணாம்பை அறிந்த கொத்தர் அருகிவிட்டனர். பழைய சுவரில் விரிசல் கண்டால் சிமென்டைப் பூசுவது வழக்கமாயிற்று. அதுவே சுவருக்கு நஞ்சு. சுண்ணாம்புச் சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும் தன்மையது. மனித உடல் வியர்ப்பதைப் போன்றது. மேலே சிமென்டுப் பூச்சு வந்தால் ஈரம் உள்ளேயே தங்கும், உப்புப் பூக்கும், செங்கல் பொடியும். கடலுக்கு இவ்வளவு அருகே நிற்கும் கட்டடத்தில் இது மும்மடங்கு. ஆகவே முதல் வேலை, பூசியதை உரிப்பது. அடுத்து, சுண்ணாம்பை நீற்றி, நீரில் ஊறவைத்து, மணலோடும் செங்கற்பொடியோடும் அரைத்தெடுப்பது. கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த நீரை அதில் சேர்ப்பர். கடுக்காயின் துவர்ப்பும் வெல்லத்தின் பசையும் சாந்தை இறுக்கி, நீர் புகாமல் காக்கின்றன என்பது முன்னோர் கண்டது. சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல ஏற்றே மீண்டும் கல்லாகிறது. அதற்கு மாதங்களும் ஆண்டுகளும் ஆகும். இன்று பூசி நாளை திறப்புவிழா நடத்த அது இடந்தராது. ஒப்பந்தக் கெடுவோடு ஓடிப் பழகிய துறைக்கு இந்தப் பொறுமையே பெருஞ் சோதனையாயிருந்திருக்கும்.

அக்காலத்தில் சென்னைச் சுண்ணத்திற்கு நாடெங்கும் பெயருண்டு. கடற்சிப்பியைச் சுட்டெடுத்த சுண்ணாம்பில் முட்டை வெண்கருவும் தயிரும் சேர்த்து, மெல்லிய பூச்சாக இட்டு, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவர். வந்து கண்ட வெளிநாட்டார் அதைச் சலவைக்கல் என்றே மயங்கினர். நவாபின் தூண்கள் பளபளத்தது அப்பூச்சினால்தான்.

மீண்டெழுந்த கல்சா மஹாலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இடம்பெற்றது. காற்றும் நீரும் கெடாமல் காக்கும் வழக்குகளைக் கேட்கும் மன்றம், மூச்சுவிடும் சுவர்களுக்குள் அமர்ந்தது நல்ல பொருத்தமே. ஹுமாயூன் மஹாலின் நிலை வேறு. அங்கே தீ வரவில்லை, புறக்கணிப்பே போதுமானதாயிருந்தது. கூரைகள் இடிந்து, சுவர்களில் அரசும் ஆலும் வேரோடியிருந்தன. வேர் ஒன்றை அகற்றுவதென்றால் அது பிடித்து நிற்கும் செங்கற்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மீண்டும் அடுக்க வேண்டும். 40 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பீட்டில் அப்பணி நடைபெற்றது. 1859இல் வளாகம் முழுவதையும் வாங்கிய விலையை எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

எதை மீட்க முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மதில் இல்லை; தோட்டங்கள் இல்லை. கடலை நோக்கிய முகப்பை எழிலகம் மறைத்துவிட்டது. கொலுமண்டபத்தின் அணிகலன்கள் ஏலத்தோடு சிதறின. இவற்றைப் போலியாகச் செய்துவைக்க எவரும் முயலவில்லை, அது நல்லதே. தாஜ்மஹாலைப் போல் பார்க்க மட்டுமே ஒரு கட்டடத்தை வைத்திருப்பதைவிட, அதில் மனிதர்கள் வந்துபோய்க்கொண்டிருப்பதே அதற்கு உயிர் என்பாரும் உண்டு. அக்கருத்து எனக்கும் உடன்பாடே. ஆனால் அலுவலகமாக இருந்தபோதுதான் இரண்டும் அழிந்தன என்பதையும் மறக்கலாகாது.

ஹுமாயூன் மஹாலில் விடுதலைப் போராட்டத்திற்கான அருங்காட்சியகம் ஒன்றை அமைக்கப்போவதாகத் தமிழக அரசு அண்மை ஆண்டுகளில் அறிவித்தது. இங்கேதான் நமக்குக் கவலையும் அக்கறையும் பிறக்கின்றன. விடுதலைப் போரின் நினைவுப் பொருள்களை வைக்க வசதியான ஒரு பழைய கூடம் என்ற அளவில் அம்மாளிகை கருதப்படுமானால், சுவரை மீட்டு வரலாற்றை விட்டுவிட்டவர்கள் ஆவோம். அக்கூடமே ஒரு சான்றுப் பொருள். யூசுப் கானைப் பற்றி அங்கே எழுதப்படுமானால், அவரைத் தூக்கிலேற்றியவரின் வீடு அது என்பதையும் எழுத வேண்டும். நவாபு என்பதற்காக நாம் அதற்கு முகஞ்சுளிக்க வேண்டியதில்லை. கட்டபொம்மனைப் பற்றிப் பேசுவோர், அவரிடம் வரி கேட்கும் உரிமை கும்பினிக்கு எவ்வாறு வந்தது என்று கேட்டால், விடை அவர்கள் நின்றுகொண்டிருக்கும் தரையின் வரலாற்றிலேயே கிடைக்கும்: நவாபின் கடன், கடனுக்கு ஈடான வரி, வரிக்கு ஈடான நாடு. அதேபோல், கையெழுத்திட மறுத்த அலீ ஹுசைனின் பெயர் நம் விடுதலை வரலாற்று நூல்களில் எங்கும் பெரிதாகக் காணப்படுவதில்லை. அவர் வாள் எடுக்கவில்லை, போர்க்களம் காணவில்லை. வாயில்களில் அந்நியப் படை நிற்க, தந்தையின் உடல் அடக்கமாகி நாள்கள் சிலவே சென்றிருக்க, ஓர் ஓலையை ஏற்க மாட்டேன் என்றார், பட்டத்தை இழந்தார், அடுத்த ஆண்டே இறந்தார். அருங்காட்சியகத்தில் அவருக்கு ஒரு படமும் நான்கு வரியும் ஒதுக்க இடமிருக்கும்.